எத்தனை கப்பி வேண்டும்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். சிறுவர்கள் அவற்றை உரக்க எண்ணிக்கொண்டே வருவார்கள். வாந்தி வருபவர்கள் மனத்துக்குள் எண்ணுவார்கள். நேராக மேலே போகாமல் சாலை ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது? நேராகப் போனால் எந்தப் பேருந்தின் எஞ்சினும் ஏறாது. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வேறுபாடு 1,200 மீட்டருக்குச் சற்று அதிகம். கணக்குக்காக மலைப்பாதையின் நீளம் 20 கிலோமீட்டர் என்று கொண்டால், 100 மீட்டர் ஓடி 6 மீட்டர் ஏறுகிறோம். விசையைக் குறைத்துக்கொண்டோம், அதற்கு விலையாகத் தூரத்தைக் கொடுத்தோம்.

இந்தப் பேரத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரை முழுவதும் இதைப் பற்றியதுதான். ஆனால் மலைச்சாலையைப் பற்றி அல்ல, ஒரு கயிற்றைப் பற்றி.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி இயற்பியல் மாணவர்கள் சிலருடன் ஏற்காடு ஏரிக்கரையில் ஒரு நாளைக் கழித்தேன். அந்த ஏரியில் துடுப்புப் படகுகளும் மிதிபடகுகளும் ஓடுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பாய்ப்படகை நான் அங்குக் கண்டதில்லை. சுற்றிலும் மேடும் சரிவும், காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களும் இருப்பதால், காற்று நீர்ப்பரப்பில் சீராக வருவதில்லை. ஒரு கணம் ஓய்ந்திருக்கும். மறுகணம் எதிர்பாராத மூலையிலிருந்து வந்து விழும். படகோட்டிக்கு அது தொல்லை. பாடம் நடத்துபவனுக்கோ அதைவிட நல்ல காற்று கிடையாது.

கரையில் ஒரு மூங்கிலை நட்டோம். அதன் அடிப்பகுதியில் இன்னொரு மூங்கிலைக் கிடையாக, கதவு கீலில் ஆடுவதுபோல் ஆடும்படி கட்டினோம். இரண்டுக்கும் நடுவே ஒரு போர்வையை விரித்துக் கட்டியதும் பாய் ஆயிற்று. கிடை மூங்கிலின் நுனியில் ஒரு கயிறு. கல்லூரி ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த கப்பிகள் நான்கு. ஒரு மாணவி கயிற்றைப் பிடித்துக்கொண்டார். இரண்டு முறை காற்று வீசியது. மூன்றாம் முறை அவர் கையை உதறிக்கொண்டே கேட்டார்: “சார், இன்னும் ரெண்டு கப்பி போட்டா என்ன? கை வலிக்காதே!”

நல்ல கேள்வி. ஈராயிரம் ஆண்டுகளாகக் கப்பலோட்டிகள் கேட்டுவரும் கேள்வியும் அதுதான்.

பாயை ஆளும் கயிறு

பாய்ப்படகின் பாய்மரத்தோடு கீழ்ப்புறத்தில் இணைந்து கிடையாக நீண்டிருக்கும் கழிக்கு ஆங்கிலத்தில் பூம் என்று பெயர். நாம் அடிக்கழி என்போம். பாயின் கீழ் விளிம்பை அது விரித்துப் பிடிக்கிறது. அந்தக் கழியை உள்ளே இழுக்கவும் வெளியே விடவும் பயன்படும் கயிற்றை ஆங்கிலேயர் ஷீட் என்பர். ஷீட் என்றதும் துணி என்று எண்ணிவிடாதீர்கள், அது கயிறுதான். பழைய மாலுமிகளிடையே தாமான் என்றொரு சொல் இதற்கு வழங்கியது. இங்கே எளிமைக்காகப் பாய்க்கயிறு என்றே சொல்வோம்.

பாய்க்கயிறு செய்யும் வேலை என்ன? காற்று வரும் திசைக்குத் தக்கவாறு பாயின் கோணத்தை அமைப்பது முதல் வேலை. பாயின் பின் விளிம்பு மேலெழும்பித் தளர்ந்துவிடாமல் கழியைக் கீழ்நோக்கி இழுத்து வைப்பது இரண்டாவது. மூன்றாவது ஒன்று உண்டு. படகு கவிழ இருக்கும் நேரத்தில்தான் அது நினைவுக்கு வரும். திடீரென்று பலத்த காற்று வந்தால் கயிற்றை உடனே நெகிழ்த்திப் பாயிலிருந்து காற்றைக் கொட்டிவிட வேண்டும். முதல் இரண்டு வேலைக்கும் வலிமை வேண்டும். மூன்றாவதற்கு விரைவு வேண்டும்.

எவ்வளவு வலிமை? 7 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு சிறு பாயை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகக் காற்று அதில் நேராக மோதினால், தோராயமாக 105 நியூட்டன், அதாவது 11 கிலோகிராம் எடை அளவு விசை பிறக்கிறது. பாயின் வளைவைப் பொறுத்து இது கூடும், குறையும். காற்றின் வேகம் இருமடங்கானால் விசை இருமடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. 11 கிலோகிராம் 43 ஆகிவிடும். இதில் ஒரு பங்கைப் பாய்மரம் தாங்கினாலும், மீதி கயிற்றின் வழியே கைக்குத்தான் வரும். அதுவும் ஒரு கணம் அல்ல. பந்தயம் முடியும் மட்டும்.

கப்பி இல்லாத படகு

நம் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்துக்குக் கப்பி வேண்டியிருக்கவில்லை. சிறிய முக்கோணப் பாய். அதை ஆள ஒரு கயிறு. அதைக் கையால் பிடித்தார்கள். காற்று வலுத்தால் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தார்கள். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பயண நூலில் இந்தக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதினார். அவ்வழியே நம் சொல் ஆங்கிலத்தில் ஏறியது. இன்று உலகெங்கும் இரட்டை உடல் படகுகளுக்குக் கேட்டமரான் என்று பெயர். கட்டிய மரங்களுக்கும் அதற்கும் உறவு பெயரளவில்தான்.

கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றுவது சாதாரண வேலைபோல் தோன்றும். அதற்குள் அழகான கணிதம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் அதை ஆராய்ந்தார்; 1808இல் ஐட்டல்வைன் என்ற ஜெர்மானியப் பொறியியலாளரும் எழுதினார். கயிறு கட்டையைத் தழுவும் கோணம் கூடக் கூட, பிடிக்கும் ஆற்றல் பெருக்குத் தொடராக ஏறுகிறது. கயிற்றுக்கும் கட்டைக்கும் இடையே உராய்வுக் கெழு 0.3 என்று கொள்வோம். அரைச் சுற்றுக்கு, கையில் உள்ள 1 கிலோகிராம் மறுபுறம் 2.6 கிலோகிராமைத் தாங்கும். முழுச் சுற்றுக்கு 6.6. இரண்டு சுற்றுக்கு 43! மேற்சொன்ன பெருங்காற்றின் விசை முழுவதையும் ஒரு கிலோகிராம் பிடியால் நிறுத்திவிடலாம். பெரிய கப்பலைக் கரையில் ஒருவர் கயிறு சுற்றி நிறுத்துவதைப் பார்த்து வியந்திருப்பீர்கள். அது கைவலிமை அன்று.

ஆனால் சுற்று தாங்குமே ஒழிய இழுக்காது. பாயை உள்ளே இழுக்கும்போது அதே உராய்வு எதிரியாகிறது. இழுப்பதற்கு உதவுவது கப்பிதான்.

ஆயிரம் கப்பிகள்

கப்பித் தொகுதிகளைக் கொண்டு ஆர்க்கிமிடீஸ் பளுவேற்றிய கப்பலைத் தனியாளாக இழுத்துக் காட்டினார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கதை எவ்வளவு மெய்யோ, பள்ளிப் புத்தகங்கள் அனைத்திலும் அது இடம் பெற்றுவிட்டது. எனக்கு அதைவிடப் பிடித்தவர் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அலெக்சாண்டிரியா நகரத்து ஹீரோன். எளிய எந்திரங்களை விளக்கும்போது, விசையில் ஆதாயம் பெற்றால் அதே விகிதத்தில் நேரம் அதிகமாகும் என்ற கருத்தையும் அவர் சேர்த்துச் சொன்னார். ஆர்க்கிமிடீஸின் கதையைச் சொல்பவர்கள், கப்பல் எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்பதைச் சொல்வதில்லை.

பாய்க்கப்பல்கள் பெருக்கப் பெருக்கக் கப்பிகளும் பெருகின. நெப்போலியன் காலத்தில் 74 பீரங்கிகள் கொண்ட ஆங்கிலப் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கப்பிகள் வேண்டியிருந்தன. ஆங்கிலக் கடற்படைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் கப்பிகள் தேவைப்பட்டன. உடல் எல்ம் மரம். உள்ளே சுழலும் உருளை லிக்னம் வைட்டே என்னும் கடுமரம். எல்லாம் கைவேலை. இந்தத் தேவை ஓர் எந்திரப் புரட்சியையே உண்டாக்கிற்று. மார்க் புரூனல் வரைந்து கொடுக்க, ஹென்றி மாட்ஸ்லி செய்து கொடுக்க, போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில் 45 எந்திரங்கள் நிறுவப்பட்டன. 1808இல் அங்கே உருவான கப்பிகள் 1,30,000. தேர்ந்த தொழிலாளர் 110 பேர் செய்த வேலையைப் பழக்கமில்லாத பத்துப் பேர் செய்தனர் என்பது கணக்கு. ஒரே பொருளை எந்திரங்களைக் கொண்டு வரிசையாகச் செய்து குவிக்கும் இக்காலத் தொழில்முறையின் முன்னோடிகளில் இது முக்கியமானது. மோட்டார் காருக்கும் துணிக்கும் முன்னால், இந்தப் பெருமை ஒரு மரக்கப்பிக்குக் கிடைத்தது! வேலையிழந்த நூறு பேர் என்ன ஆனார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அது வேறு கட்டுரை.

பெரிய கப்பலில் கப்பி கூடுவதால் நட்டமில்லை. ஆள் பலர், கப்பல் சாய்வதும் மெதுவாகத்தான். கயிறு இருபது மீட்டர் ஓடி முடியும்வரை காத்திருக்கலாம். ஓரிருவர் ஏறும் சிறு பந்தயப் படகில் நிலைமை தலைகீழ்.

சென்னைத் துறைமுகத்தில்

அத்தகைய சிறு படகுகளை விளையாட்டாக ஓட்டுவதற்கு நம் மாநிலத்தில் 1911இல் ஒரு சங்கம் தோன்றியது: சென்னைத் துறைமுகத்தில் உள்ள ராயல் மெட்ராஸ் யாட் கிளப். அதை நிறுவியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். பெயரை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைவர் அவர். 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் அக்கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்த ஓர் இளைஞரின் கணக்கு நோட்டுகளை மதித்து, அவருக்காகக் கடிதம் எழுதி உதவியவர்களில் ஒருவர். அந்த இளைஞர் இராமானுஜன். கணக்குக்கும் கப்பலுக்கும் உள்ள உறவுக்கு இதைவிட நெருக்கமான முகவரி சென்னையில் கிடையாது.

நெடுங்காலம் ஆங்கிலேயருக்கும் செல்வந்தருக்கும் உரியதாக இருந்த விளையாட்டு, விலை குறைந்த சிறு படகுகள் வந்த பின்னர்தான் பரவிற்று. 1947இல் அமெரிக்காவின் கிளார்க் மில்ஸ் சிறுவர்களுக்காக ஆப்டிமிஸ்ட் படகை வரைந்தார். 1956இல் இங்கிலாந்தின் ஜாக் ஹோல்ட் என்டர்பிரைஸ் படகை வரைந்தார். நம் தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் சேர்ந்த பலர் பாய்க்கயிற்றை முதன்முதலில் தொட்டது என்டர்பிரைசில்தான். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஃபயர்பால் வகைப் படகில் பரூக் தாராபூரும் ஜரீர் கரஞ்சியாவும் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தனர்.

இந்தப் படகுகள் பாய்க்கயிற்றை எங்கே கட்டின என்பதைக் கவனியுங்கள். என்டர்பிரைஸ் போன்ற பழைய படகுகளில் கயிறு அடிக்கழியின் நுனியிலிருந்து படகின் பின்விளிம்புக்கு இறங்கிற்று. நெம்புகோல் நியாயப்படி இதுதான் சிறந்த இடம். கதவைக் கீலுக்கு அருகில் தள்ளிப் பாருங்கள், பிறகு விளிம்பில் தள்ளிப் பாருங்கள், விளங்கிவிடும். ஆனால் கயிறு படகோட்டியின் முதுகுப் பக்கம் இருக்கிறது. திசை திருப்பும்போது அவர் பின்னால் பார்க்க வேண்டும், சுக்கானும் கயிறும் ஒன்றோடொன்று சிக்கும்.

ஆகவே 1960களில் பலர் கயிற்றைக் கழியின் நடுவுக்குக் கொண்டுவந்தனர். கயிறு இப்போது கண்ணெதிரே, கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. ஆனால் நெம்புகோலின் புயம் பாதியாயிற்று. அதே வேலைக்கு இருமடங்கு விசை வேண்டியதாயிற்று. நுனியில் இரண்டு மடிக் கயிறு செய்ததை நடுவில் செய்ய நான்கு மடி வேண்டும். போதாக்குறைக்கு, நடுவில் இழுத்தால் கழி வில்போல் வளைகிறது.

எது மேல்? படகுச் சங்கங்களில் இன்றும் இது பற்றி வாதிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை 1971இல் விற்பனைக்கு வந்த ஒரு படகு காட்டிவிட்டது என்பேன்.

லேசரின் கயிறு

கனடாவைச் சேர்ந்த புரூஸ் கர்பி வரைந்த அப்படகின் பெயர் லேசர். நீளம் 4.23 மீட்டர்; உடலின் எடை 59 கிலோகிராம்; பாயின் பரப்பு 7.06 சதுர மீட்டர், ஓட்டுபவர் ஒருவரே. 1996இல் ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. 5.76 சதுர மீட்டர் பாய் கொண்ட அதன் தம்பி லேசர் ரேடியல் 2008 முதல் பெண்கள் போட்டிக்குரிய படகாயிற்று. இப்போது இவற்றுக்கு ஐ.எல்.சி.ஏ. 7, ஐ.எல்.சி.ஏ. 6 என்று பெயர்.

அதன் பாய்க்கயிற்றை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். கயிற்றின் ஒரு முனை அடிக்கழியின் நுனியில் கட்டப்பட்டிருக்கிறது. அங்கிருந்து இறங்கிப் படகின் பின்புறத்தில் குறுக்காகக் கட்டிய கயிற்றின்மேல் நகரும் ஒரு கப்பியைச் சுற்றி, மறுபடி நுனிக்கு ஏறுகிறது. அங்குள்ள கப்பியைச் சுற்றியதும் கழியோடு ஒட்டியே முன்னோக்கி ஓடி, கழியின் ஏறத்தாழ நடுவில் உள்ள கப்பியில் திரும்பி, படகின் நடுவில் உள்ள கப்பிக்கு இறங்கிப் படகோட்டியின் கைக்கு வருகிறது.

கழிக்கும் படகுக்கும் இடையே எத்தனை மடி? மூன்று. ஆகவே எந்திர லாபம் மூன்று என்று விடைத்தாளில் எழுதுவீர்கள். நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். நுனியில் இரண்டு மடிகள் முழுப் புயத்தோடு இழுக்கின்றன. மூன்றாவது மடி கழியின் நடுவில், பாதிப் புயத்தோடு இழுக்கிறது. நுனியில் அளந்தால் லாபம் இரண்டும் அரையும், அதாவது இரண்டரை. கழியோடு கிடையாக ஓடும் பகுதி கழியைத் திருப்ப ஒன்றும் செய்வதில்லை. கயிற்றைக் கண்ணெதிரே கொண்டுவரும் வேலையை மட்டும் செய்கிறது.

இதை வேறு வழியிலும் சரிபார்க்கலாம். கழியின் நீளம் தோராயமாக 2.7 மீட்டர். கழி படகுக்குச் செங்குத்தாக வெளியே நிற்கும் நிலையிலிருந்து நடுவுக்கு வரும்போது, நுனிக்கும் அதன் நடுநிலைக்கும் உள்ள நேர்த்தூரம் 3.8 மீட்டர் குறைகிறது. கழியின் நடுப்பகுதிக்கு அதில் பாதி, 1.9 மீட்டர். ஓடவேண்டிய கயிறு இருமுறை 3.8உம் ஒருமுறை 1.9உம், மொத்தம் 9.5 மீட்டர். 9.5ஐ 3.8ஆல் வகுத்தால் இரண்டரை. விசையில் பெற்றதைத் தூரத்தில் கொடுத்துத் தீர்த்தோம். ஹீரோன் கணக்கு, ஏற்காட்டு மலைச்சாலைக் கணக்கு, எல்லாம் ஒன்றே.

இவ்வளவு பெரிய பாய்க்கு இரண்டரை மடங்குதானா? ஆம். வேண்டுமென்றேதான்.

உராய்வு தின்னும் பங்கு

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். மூன்றை ஆறாக்கினால் என்ன?

ஒவ்வொரு கப்பியும் தன்னைக் கடக்கும் இழுவிசையில் பத்தில் ஒரு பங்கை உராய்வில் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மடியில் 1 என்றால் அடுத்ததில் 0.9, அதற்கடுத்து 0.81, இப்படிக் குறைந்து ஆறாவதில் 0.59. கூட்டினால் 4.7. ஆறு மடிக்குரிய கயிற்று நீளம் முழுவதையும் இழுக்கிறோம். கூலி மட்டும் 4.7. கடைசியாகச் சேர்த்த மடி தன் பெயருக்குப் பாதிக்குச் சற்று மேல்தான் வேலை செய்கிறது.

கயிற்றை விடும்போது இன்னும் மோசம். இளங்காற்றில் பாய்க்குக் கழியை வெளியே தள்ளும் வலிமை கொஞ்சமே. ஆறு கப்பிகளின் உராய்வையும் அது வெல்ல வேண்டும். வெல்ல முடியாதபோது கயிறு கையில் தளர்ந்து கிடக்கும், கழி நகராது. பருத்திக் கயிறும் சணற்கயிறும் நனைந்தால் பருத்துக் கப்பியில் இறுகிக்கொள்ளும். அந்நாள் மாலுமிகளின் நித்திய வேதனை அது. 1941இல் இங்கிலாந்தில் வின்பீல்டும் டிக்சனும் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தனர். போருக்குப் பின் அதில் திரித்த, நீரில் ஊதாத கயிறுகள் வந்தன. 1960களின் கடைசியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பீட்டர் ஹார்கன் கப்பியின் அச்சைச் சுற்றிச் சிறு நெகிழி உருண்டைகளை வைத்தார். உருண்டைகள் இலேசானவை, துருப்பிடிக்காதவை. கப்பியின் எண்ணிக்கையைக் கூட்டாமல், ஒவ்வொரு கப்பியின் திருட்டையும் குறைக்கும் வழி இது.

பிடித்துக்கொண்டே இருக்கும் கைக்கு என்ன உதவி? அங்கேதான் கட்டுமரத்துக் கட்டைச் சுற்று வேறு உருவில் திரும்பி வருகிறது. லேசரின் நடுக்கப்பியாகப் பலர் பொருத்துவது ஒருவழியே சுழலும் பற்சக்கரக் கப்பி. இழுக்கும்போது உருளை சுழலும், உராய்வு இல்லை. விடும்போது பற்கள் தடுப்பதால் உருளை அசையாமல் கட்டைபோல் நிற்கும்; கயிறு அதன்மேல் வழுக்கித்தான் ஓட வேண்டும். ஆய்லர் கணக்குப்படி அரைச் சுற்றுக்கே கையின் சுமை பாதிக்கும் கீழே போய்விடும். ஒரு சுவிட்சைத் தள்ளினால் தடை விலகிச் சாதாரணக் கப்பியாகும். இளங்காற்றுக்கு அது போதும். கயிற்று நீளத்தில் ஒரு சென்டிமீட்டர்கூட விலையாகக் கொடுக்காமல் கிடைக்கும் ஓய்வு இது. ஆயினும் இழுப்பதற்கு இது உதவாது என்பதை மறக்க வேண்டாம்.

நான் ஆறு மடி போட்ட கதை

இதையெல்லாம் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அதுவன்று.

எம்.எஸ்ஸி. முடித்த ஆண்டு, சென்னையில் ஒரு நண்பரின் சிறு ஒட்டுப்பலகைப் படகில் சில வாரங்கள் பழகினேன். அதில் மூன்று மடிக் கயிறு இருந்தது. என் கை கொப்புளித்துவிட்டது. பட்டத்தின் சூடு ஆறாத காலம் அல்லவா? மேலும் மூன்று கப்பிகளை வாங்கி, ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து ஆறு மடியாக்கினேன். நண்பரின் பதினான்கு வயதுத் தம்பி எனக்குக் கப்பி எடுத்துக் கொடுத்தான். மறுநாள் காலை கயிறு வெண்ணெய்போல் வந்தது. “அண்ணா, ஒத்தை விரலால இழுக்கலாம்போல!” என்றான் பையன். எனக்குப் பெருமை.

கரைக்குத் திரும்பும்போது திடீர்க் காற்று வந்தது. படகு சாய்ந்தது. செய்ய வேண்டியதை உடனே செய்தேன், கயிற்றை விட்டேன். கழி அரை மீட்டர் விலகினால் போதும், காற்று கொட்டியிருக்கும். லேசரைப்போல் இரண்டரைக் கணக்கில் அதற்கு ஒன்றேகால் மீட்டர் கயிறு ஓடினால் போதும். என் அமைப்பிலோ மூன்று மீட்டர் ஓட வேண்டும், அதுவும் ஆறு கப்பிகளின் வழியே. காலடியில் குவிந்து கிடந்த கயிற்றில் ஒரு முறுக்கு எழுந்து கப்பியின் வாயில் சிக்கிக்கொண்டது. பாய் காற்றைப் பிடித்தபடியே நீரில் விழுந்தது.

நான் மேலே வந்து பார்த்தபோது பையனைக் காணவில்லை. பாய்க்கு அடியில் இருந்தான். மிதவைச் சட்டை அணிந்திருந்ததால் நனைந்த துணியை உள்ளிருந்து தலையால் முட்டிக்கொண்டிருந்தான். நான் நீந்திப் போய்ப் பாயின் விளிம்பைத் தூக்கினேன். சில விநாடிகள்தான் இருக்கும். இருமிக்கொண்டே வெளியே வந்தான். அவன் அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அன்று மாலையே மூன்று கப்பிகளையும் நான்தான் கழற்றினேன். அவற்றில் ஒன்று இன்றும் என் மேசையில் தாள்கள் பறக்காமல் இருக்கப் பயன்படுகிறது.

அதற்குப் பிறகு பெரிய வீரர்களின் படகுகளைப் பார்க்கும்போதெல்லாம் கயிற்றைத்தான் பார்க்கிறேன். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021 ஏப்ரலில் ஓமன் நாட்டு முசன்னாவில் நடந்த தகுதிப் போட்டியில், ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அவ்வாண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் லேசர் ரேடியலில் 35ஆம் இடம். 2024 பாரிசில் அதே படகில், ஐ.எல்.சி.ஏ. 6 என்ற புதுப் பெயரில், 21ஆம் இடம். டோக்கியோவில் 49இஆர் என்னும் இருவர் படகை ஓட்டிய கே.சி. கணபதியும் வருண் தக்கரும் சென்னைக்காரர்களே. அந்த வகைப் படகில் காற்றை எதிர்த்துச் செல்லும்போது பாய்க்கயிற்றைப் பிடிப்பவர் சுக்கான் பிடிப்பவர் அல்லர், துணையாள். ஒருவர் கைக்கு அது அவ்வளவு வேலை.

லேசரில் எல்லாருக்கும் ஒரே கயிற்று வழிதான். ஓட்டுபவர் தேர்வது கயிற்றின் பருமனையும் நடுக்கப்பியின் வகையையும் மட்டுமே. பருத்த கயிறு கைக்கு இதம், கப்பிக்குப் பகை. மெல்லிய கயிறு அதற்கு நேர்மாறு. பலத்த காற்றுக்கு ஒன்று, இளங்காற்றுக்கு ஒன்று என இரண்டு கயிறு வைத்திருப்போரும் உண்டு. பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் வேளையில், பலர் கப்பிகளின் வழியே இழுக்காமல், கழியிலிருந்து தொங்கும் மடிகளையே கையால் பற்றி வீசுவார்கள். அங்கே வலிமையைவிட விரைவு வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். கையோடு கயிறு பேசும் என்று படகோட்டிகள் சொல்வார்கள். காற்றின் சிறு மாற்றம் கயிற்றின் வழியே முதலில் விரலுக்குத்தான் எட்டும். ஆறு மடி போட்டால் அந்தச் செய்தி ஆறில் ஒன்றாகத் தேய்ந்து, உராய்வில் மறைந்துவிடும். அன்று என் கைக்குக் காற்று வருவது தெரியாமல் போனதற்கும் அதுவே காரணம்.

ஏற்காட்டில் மாணவி கேட்டபோது நான் மறுக்கவில்லை. “போட்டுப் பாரும்மா” என்றேன். இன்னும் இரண்டு கப்பிகளைக் கட்டினார்கள். கை வலிக்கவில்லை, சிரித்தார். சேர்வராயன் மலைப்பக்கமிருந்து காற்று இறங்கி நீர்ப்பரப்பைக் கருக்கச் செய்துகொண்டு வந்தது. “விடு!” என்றேன். விட்டார். கயிறு தயங்கித் தயங்கி ஓடியது. அதற்குள் நட்ட மூங்கில் வேரோடு பெயர்ந்ததுபோல் சாய்ந்து, போர்வையோடு புல்லில் விழுந்தது. எல்லாரும் ஓடிப்போய்த் தூக்கினோம்.

நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அவர் முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கியிருந்தார். இரண்டு கப்பிகளை எடுத்துப் பையில் போட்டார். சற்று யோசித்து இன்னொன்றையும் எடுத்தார்.